ஏராவைத் தூக்கும் படகு

புனேயிலிருந்து லோனாவளா செல்லும் லோக்கல் ரயிலில் கட்கிக்கு அடுத்த நிறுத்தம் தாபோடி. இரண்டுக்கும் இடையில் முளா ஆறு. பவனா ஆறு வந்து முளாவோடு கலப்பதும் இங்கேதான். அரசுப் பேருந்துக் கழகத்தின் பணிமனை, எப்போதும் நெரியும் பழைய மும்பைச் சாலை, ஹாரிஸ் பாலம், இவற்றை ஒட்டி மரங்களுக்குள் பரந்து கிடக்கும் ராணுவப் பொறியியல் கல்லூரி. கடலைப் பற்றி யோசிப்பதற்குத் தோதான ஊராக இது யாருக்கும் தோன்றாது. மேற்கே சஹ்யாத்ரி மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டி ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் அரபிக்கடல் இருக்கிறது; ஆனால் தாபோடியின் தண்ணீர் அந்தப் பக்கம் போவதில்லை. முளா முட்டாவோடு சேர்ந்து பீமாவில் விழுகிறது, பீமா கிருஷ்ணாவில் விழுகிறது, கிருஷ்ணா தக்காணம் முழுவதையும் கடந்து வங்கக் கடலில் சேருகிறது. பக்கத்தில் இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, சோழமண்டலக் கரையின் கடலைத் தேடிப் போகும் ஆறு இது.

ஆனாலும் கடலோடு இந்த ஊருக்கு ஒரு பந்தம் உண்டு. ரூர்க்கியில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளி 1948இல் தாபோடிக்கு வந்தது. இந்திய ராணுவத்தின் பொறியாளர் படைக்கு இதுதான் தாய்க்கல்லூரி. பாலம் கட்டவும், ஆற்றைக் கடக்கவும், கண்ணிவெடி அகற்றவும் இங்கே படித்துவிட்டுப் போகிறார்கள். 'தம்பி' என்று செல்லப்பெயர் பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தமிழர்களுக்கும் தாபோடி பழகிய பெயர். ராணுவத்தின் துடுப்புப் படகுப் பயிற்சி மையமும் இந்தக் கல்லூரிக்குள்தான். நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமமொன்றில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த தத்து போகனல், ராணுவத்தில் சேர்ந்த பிறகு இங்கே துடுப்பு பிடித்துப் பழகி 2016இல் ரியோ ஒலிம்பிக் வரை போனார். அவர் ஓட்டிய ஒற்றையாள் துடுப்புப் படகு சுமார் எட்டு மீட்டர் நீளம், எடை பதினான்கு கிலோ. ஒரு மூட்டை அரிசியைவிட இலேசு. அதன் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னத் துடுப்புச் செதில் இருக்கும். அது இல்லாவிட்டால் படகு நேர்கோட்டில் போகாது.

அந்தச் செதில்தான் இந்தக் கட்டுரையின் பொருள். அது பெரிய படகில் கீலாக வளர்ந்தால் என்ன ஆகிறது, வளர்ந்ததைச் சுருக்க முடியுமா என்பதே கேள்வி.

1985 செப்டம்பர் 28 அன்று பம்பாயிலிருந்து 'திரிஷ்ணா' என்ற 37 அடிப் பாய்மரப் படகு புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் கடற்படைக்காரர்கள் அல்லர், பொறியாளர் படையின் அதிகாரிகள். 1987 ஜனவரி 10 அன்று அதே பம்பாய்க்குத் திரும்பி வந்தபோது அவர்கள் உலகத்தைச் சுற்றியிருந்தார்கள். பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர்கள் அவர்கள். கப்பல் கட்டவும் ஓட்டவும் கற்றவர்களை முந்திக்கொண்டு, பாலம் கட்டக் கற்றவர்கள் போய் வந்தார்கள் என்பது யோசிக்க வைக்கும் செய்தி. ஆற்றைக் கடக்கும் பொறியாளனின் முதல் கேள்வியே தண்ணீர் எவ்வளவு ஆழம், நம் படகு எவ்வளவு முங்கும் என்பதுதான். அந்தக் கணக்கோடு கடலுக்குப் போனவர்கள் அவர்கள். ஆனால் திரிஷ்ணாவின் அடியில் இருந்தது நிலையாகப் பொருத்தப்பட்ட ஆழமான கீல். அதற்குப் பின் உலகம் சுற்றிய மாதேய், தாரிணி ஆகிய கடற்படைப் பாய்மரப் படகுகளிலும் அப்படித்தான். கோவாவில் ரத்னாகர் தாண்டேகரின் பட்டறையில் கட்டப்பட்ட இவ்விரண்டும் 56 அடி நீளம் கொண்டவை. நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்தின் வரைபடம். சுமார் இரண்டரை மீட்டர் முங்கும் ஆழம்.

கீலுக்குத் தமிழில் ஏரா என்று பெயர் உண்டு. கப்பலின் அடிமரம் என்று பொருள். மரக்கலத்தில் அது முதுகெலும்பு, அதன்மேல்தான் விலாச் சட்டங்களான வங்குகளை நிறுத்துவார்கள். பாய்மர உல்லாசப் படகில் கீல் என்பது அதைவிடக் கூடுதலான ஒன்று. உடலுக்குக் கீழே தொங்கும் ஒரு இறக்கை.

இறக்கை என்பது அலங்காரச் சொல் அன்று. பாய்மரப் படகு காற்றடிக்கும் பக்கமே போகும் என்றுதான் கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பின்காற்றில் மட்டும் ஓடுவதென்றால் கீலே வேண்டாம், ஒரு தொட்டியில் பாயைக் கட்டினாலும் போகும். பக்கவாட்டிலிருந்தோ சற்று முன்னாலிருந்தோ காற்று வரும்போதுதான் சிக்கல். காற்று பாயைத் தள்ளுவது பெரும்பாலும் பக்கவாட்டில். அதில் சிறு பங்குதான் முன்னோக்கி. கீழே ஒரு தடுப்பு இல்லையென்றால் படகு நண்டு மாதிரி பக்கமாகவே நகர்ந்து போய்விடும். ஊறவைத்த புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அது எப்படி விரல்களின் திசையை விட்டு முன்னால் பீறிட்டு ஓடுகிறதோ, அப்படித்தான் பாய்மரப் படகு எதிர்க்காற்றில் ஏறுகிறது. மேலே காற்று ஒரு விரல், கீழே கீல் மறுவிரல். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் மேலே அத்தனை பெரிய பாய்க்குக் கீழே இத்தனை சிறிய கீல் ஈடுகொடுக்கிறது.

கீலுக்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு: எடையைச் சுமப்பது. ஈயத்தையோ இரும்பையோ எவ்வளவு ஆழத்தில் தொங்கவிடுகிறோமோ அவ்வளவு பலமாக அது சாய்ந்த படகை நிமிர்த்தும். 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தெற்குப் பகுதியில் பாய்மர மாலுமி அபிலாஷ் டோமியின் 'துரீயா' என்ற படகு புயலில் உருண்டு பாய்மரம் முறிந்து போயிற்று. அவருக்கு முதுகெலும்பு நொறுங்கியது. ஆனால் படகின் உடல் நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் படுத்துக்கிடந்த அவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அந்தப் படகை நிமிர்த்தியது அடியில் இருந்த எடை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீலைத் தூக்குவதைப் பற்றிப் பேசும் எவரும் எதை விளையாட்டாகத் தொடுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும்.

ஆழம் கொடுப்பது இவ்வளவு. ஆழம் பறிப்பது என்ன?

கரையைப் பறிக்கிறது. இரண்டரை மீட்டர் கீலோடு ஒருவர் உலகத்தைச் சுற்றலாம்; அதிராம்பட்டினத்துக்குப் போக முடியாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களுக்குள் நுழைய முடியாது. பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்ட முடியாது. எந்தக் கடலோரத்திலும் அழகான இடங்கள், மீன் கிடைக்கும் இடங்கள், புயலுக்கு ஒதுங்கத் தோதான இடங்கள் எல்லாம் ஆழமற்ற இடங்களாகவே இருக்கின்றன. ஆழக் கீல்காரன் அவற்றைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதற்கு விடையாகப் பிறந்ததுதான் தூக்கும் கீல். ஐரோப்பியர் எழுதிய வரலாற்றில் இது பெரும்பாலும் ஜான் ஷாங்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியிடம் தொடங்கும். 1774இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவர் நழுவும் கீல் கொண்ட ஒரு படகைக் கட்டினார். அவருடைய முறைப்படி 1798இல் கட்டப்பட்ட 'லேடி நெல்சன்' என்ற அறுபது டன் கப்பலுக்கு நடுக்கோட்டில் மூன்று கீல்கள், மூன்றையும் மேலே இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்டால் ஆறடித் தண்ணீர் போதும். இந்தச் சின்னக் கப்பல் 1800இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவரை போய், பாஸ் நீரிணையை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தது. பெரிய கப்பல்கள் அஞ்சி ஒதுங்கிய விரிகுடாக்களையும் கழிமுகங்களையும் அளந்து வரைபடமாக்கியது இதுதான்.

ஆனால் ஷாங்க் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தென்னமெரிக்காவின் பசிபிக் கரையில் பால்சாக் கட்டைத் தெப்பங்களின் இடுக்குகளில் பலகைகளைச் செருகியும் உருவியும் எதிர்க்காற்றில் ஓட்டினார்கள். சீன மரக்கலங்களிலும் இறக்கும் பலகை உண்டு. நம் பக்கம் பாய் கட்டிய கட்டுமரத்தின் பக்கவாட்டில் ஒரு பலகையை இறக்கிப் பிடித்து ஓட்டினார்கள். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் ஊர் ஊராகப் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார். கோடியக்கரைப் பக்கத்து, மூன்று பாய்மரங்கள் கொண்ட படகுகளை அவர் கவனித்துச் சொன்ன விதத்தைப் பார்த்தால், வடிவமைப்பில் அந்தப் படகுகள் எவ்வளவு கெட்டியானவை என்பது தெரியும்.

அந்தக் குடும்பத்துப் படகுக்குப் பாக் நீரிணைப் பக்கம் வத்தை என்று பெயர். லூசி புளூ, எரிக் கெண்ட்லி, ஷான் மெக்ரெயில் ஆகிய படகு ஆய்வாளர்கள் 1990களில் இதைப் பற்றித் தனியாக ஆராய்ந்து எழுதினார்கள். வத்தையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அழகான படகு என்று உடனே சொல்லத் தோன்றாது. தட்டையான அடி, செங்குத்தான பக்கங்கள், ஒரு பெட்டியை நீட்டிவிட்டதைப் போன்ற உருவம். முன்னும் பின்னும் மட்டும் ஒடுங்கி எழும். இந்தப் பெட்டி எதிர்க்காற்றில் எப்படி ஓடும்? இரண்டு பலகைகளால். ஒன்று பக்கவாட்டில் கயிற்றில் தொங்கும்; காற்று மறைவுப் பக்கத்தில் அதைத் தண்ணீருக்குள் இறக்கினால் அதுதான் கீல். இன்னொன்று படகின் குறுக்கே போட்டு, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டிய நீண்ட பலகை. அதன் நுனியில் ஆட்கள் போய் உட்காருவார்கள். காற்று வலுத்தால் இன்னொரு ஆள் இன்னும் வெளியே நகர்வார். அதுதான் நிமிர்த்தும் எடை.

இதில் இருக்கும் அறிவை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கீலில் இரண்டு வேலைகளும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. பக்க நழுவலைத் தடுப்பதும் எடையைச் சுமப்பதும் ஒரே உறுப்பு. வத்தை அவற்றைப் பிரித்துவிட்டது. தடுப்பு ஒரு பலகைக்கு, எடை இன்னொரு பலகைக்கு. அதனால் இரண்டையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம், முற்றிலும் எடுத்துவிடலாம். கரை வந்ததும் பக்கப் பலகையை மேலே இழுத்துவிட்டால் படகு முழங்கால் தண்ணீரில் மணலில் போய் உட்காரும். ஆட்கள் இறங்கிவிட்டால் எடையும் இறங்கிவிட்டது. தூக்கும் கீல் படகை வரையும் நவீன வடிவமைப்பாளர் பலரும் கடைசியில் இந்தப் பிரிவினைக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

பிரான்சின் அலுபா நிறுவனம் கட்டும் ஓவ்னி வகை அலுமினியப் படகுகள் இதற்கு நல்ல உதாரணம். நிமிர்த்தும் எடையை அவர்கள் கீலில் தொங்கவிடுவதில்லை. உடலின் அடித்தளத்துக்குள்ளேயே பரப்பி வைத்துவிடுகிறார்கள். தடுப்புக்கு மட்டும் ஒரு தகடு, நடுவில் ஒரு குறுகிய பெட்டிக்குள் மடங்கிக்கொள்ளும். தகட்டைத் தூக்கினால் அடி தட்டை. கடல் வற்றியதும் படகு மணலில் நேராக அமர்ந்துகொள்ளும். அதே நாட்டின் கார்சியா நிறுவனம், உலகம் சுற்றிய எழுத்தாளர் ஜிம்மி கார்னலோடு சேர்ந்து உருவாக்கிய 45 அடிப் படகில் முங்கும் ஆழம் ஒரு மீட்டர் சொச்சத்திலிருந்து மூன்று மீட்டரை நெருங்கும் அளவுக்குப் போகும். இங்கிலாந்தின் சதர்லி படகுகளில் வேறு வழி: கனமான கீலே மடங்கும், உடலின் அடியில் வார்ப்பிரும்பு மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கும், கரையில் அமரும்போது அடியை அது காக்கும்.

எந்த வழியிலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். எடை உடலுக்குள் இருந்தால் படகு பெரிதாகச் சாய்ந்த பின் தானாக நிமிரும் எல்லை குறைகிறது. ஆழக் கீல் படகுகள் பொதுவாக 120 பாகை சாய்ந்தாலும் திரும்பி வரும். மடக்குத் தகட்டுப் படகுகள் பல 110 பாகையை ஒட்டியே அந்த எல்லையைத் தொட்டுவிடுகின்றன. எடை கீலில் இருந்தால் அதைத் தூக்க ஹைட்ராலிக் பம்பு, தடிமனான பெட்டி, பூட்டும் ஊசி எல்லாம் வேண்டும். எல்லாம் பழுதாகும் பொருள்கள். கீல் பெட்டி கூடத்தின் நடுவில் வந்து நிற்கும். சாப்பாட்டு மேசையை அதன்மேல் போட்டு மறைப்பார்கள். நங்கூரத்தில் நிற்கும் இரவுகளில் தகடு பெட்டிக்குள் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டே இருக்கும். படகில் தூங்கியவர்கள் முதலில் முறையிடுவது இதைத்தான். பெட்டிக்குள் கூழாங்கல் சிக்கும், சேறு அடையும், கொட்டலசு ஒட்டும். வெயில் கடலில் கொட்டலசு எவ்வளவு வேகமாக வளரும் என்பதைத் தமிழ்நாட்டு மீனவரிடம் கேட்டால் போதும்.

வத்தையின் பக்கப் பலகைக்கு இந்த நோய் எதுவும் இல்லை. பெட்டி கிடையாது, அதனால் அடைவதற்கு இடம் கிடையாது. எல்லாம் கண்ணுக்கு முன்னால். உடைந்தால் ஊர் ஆசாரி ஒரு நாளில் புதுப்பலகை செய்துவிடுவார். நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் சேற்றுக் கடலில் இன்றும் இரண்டு பக்கமும் அகலமான பலகைகளைத் தொங்கவிட்ட படகுகளை ஓட்டுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். குறையும் உண்டு. காற்றின் பக்கம் மாறும்போதெல்லாம் பலகையை மாற்ற வேண்டும். பெரிய அலையில் பக்கவாட்டில் விழும் அடியை அது தாங்காது. அதனால் திறந்த பெருங்கடலுக்கு வத்தையைப் பரிந்துரைக்க முடியாது. பாக் நீரிணைக்கு அதைவிடப் பொருத்தமானதைச் சொல்லவும் முடியாது.

ஆழமற்ற கடல் என்பதிலும் வகை உண்டு. இது பலருக்குத் தவறிப்போகும் இடம். பிரான்சின் சான் மலோ துறைமுகத்தில் ஓதம் பன்னிரண்டு மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் மிதந்த படகு மதியம் மணலில் கிடக்கும். அங்கே தூக்கும் கீல் வந்ததற்குக் காரணம் வற்றுவது. தாபோடிக்கு அருகிலுள்ள கொங்கணக் கரையிலும் ஓரளவு அப்படித்தான். மும்பையில் பெரிய ஓதம் நான்கு, ஐந்து மீட்டர் ஏறி இறங்குவதால் கழிகள் ஒரு நாளில் இரண்டு முறை வெறும் சேறாகும். பாக் நீரிணையிலோ ஓதம் ஒரு மீட்டருக்கும் கீழே. அங்கே தண்ணீர் வற்றி ஏறுவதில்லை, எப்போதுமே குறைவு. பெரும்பகுதி பதின்மூன்று மீட்டருக்குள்தான், கரையோரம் அதிலும் மிகக் குறைவு. ராமர் பாலத்தின் திட்டுகளில் மனிதர் நிற்கலாம். ஆகவே பிரெஞ்சுப் படகை அப்படியே வாங்கி ராமேசுவரத்தில் விட்டால், மணலில் நேராக அமரும் ஏற்பாட்டுக்காகச் செலவழித்த எடையும் பணமும் வீண். இங்கே வேண்டியது வேறு: நாள் முழுவதும் அரைக் கீலில் ஓடக்கூடிய, பாதி தூக்கிய நிலையிலும் சுக்கான் பிடிக்கும் படகு.

தூக்கும் கீல் என்றால் கரையோரத்துச் சொகுசு என்ற நினைப்பும் சரியில்லை. ஜெரோம் போன்சே, சாலி போன்சே தம்பதி 'டாமியன் 2' என்ற எஃகுப் படகில் 1970களின் இறுதியில் அண்டார்டிகாவில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். அந்தப் படகின் கீல் தூக்கும் கீல். ஸ்கிப் நோவாக் 1987இல் தென்துருவப் பயணங்களுக்கென்றே கட்டிய 'பெலாஜிக்' படகிலும் கீலைத் தூக்கலாம். பனிப்பாளங்கள் நகர்ந்து வரும்போது பெரிய பாளம் நுழைய முடியாத ஆழமற்ற மூலையில் போய் ஒதுங்கிக்கொள்வதற்கு அது வேண்டியிருந்தது. மடக்குத் தகட்டுப் படகுகளில் தெற்குப் பெருங்கடலில் ஓடியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: பின்னாலிருந்து மலைபோல அலை வரும்போது தகட்டைத் தூக்கிவிட்டால் படகு பக்கவாட்டில் சறுக்கிப் போகும், ஆழக் கீலாக இருந்தால் அது தண்ணீரைக் கவ்விப் பிடித்து, படகு தடுக்கிக் கவிழும்.

இந்தியாவில் இப்படிக் கீலைத் தூக்கி இறக்குவதைத் தினமும் கையால் செய்பவர்கள் இருக்கிறார்கள். புனேக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியில் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் மாணவர்கள் பாய்மரம் பழகுகிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் நேத்ரா குமணன் பழகினார். வேலூரில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். இருவரும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது 4.23 மீட்டர் நீளமுள்ள ஒற்றையாள் படகு. அதன் நடுவில் ஒரு துளை. அதில் செருகும் ஒரு பலகை. இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு போய், ஏறி உட்கார்ந்து, பாய் படபடக்க, ஒரு கையால் பலகையைக் கீழே அமுக்க வேண்டும். அது இறங்க இறங்க, அதுவரை பக்கமாக நழுவிக்கொண்டிருந்த படகு எதையோ பற்றிக்கொண்டதுபோல் முன்னால் நகரும். உடம்பால் அறியும் தருணம் அது. பின்காற்றில் திரும்பும்போது பலகையைப் பாதி உருவுவார்கள், இழுவை குறையும். திரும்பவும் எதிர்க்காற்றுக்கு வந்தால் முழுக்க இறக்குவார்கள். கீல் ஒரே ஆழத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்கள் மனதில் இருக்காது.

இந்த அனுபவம் பெரிய படகுகளின் திட்டத்துக்குள் ஏன் வரவில்லை? ஒரு காரணம், நம் பாய்மரப் பெருமை உலகைச் சுற்றுவதிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெருமை நியாயமானதுதான். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு சேர்ந்து தாரிணியில் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை உலகைச் சுற்றி வந்ததைப் படித்தபோது தமிழ் வாசகர் யாருக்கும் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். 2025 செப்டம்பர் 11 அன்று முப்படைப் பெண் அதிகாரிகள் மும்பையிலிருந்து புறப்பட்ட 50 அடி 'திரிவேணி' புதுச்சேரியில் கட்டப்பட்டது. கட்டும் கை தமிழ்க் கரையில் இருக்கிறது. ஆனால் ஆழக் கீலுள்ள படகொன்று புதுச்சேரியிலிருந்து மேற்குக் கரைக்குப் போக வேண்டுமென்றால், பாம்பனில் தூக்குப் பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும், அல்லது இலங்கை முழுவதையும் சுற்ற வேண்டும்.

பாம்பன் கால்வாயில் 1914இன் பாலம் படகுகளுக்காக இரண்டு இறக்கைகளாகத் திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் மேலே எழும்புகிறது. படகு கடப்பதற்காக ரயில்பாதையையே தூக்கத் துணிந்தவர்கள் நாம். கடலைத் தோண்டவும் துணிந்தோம். 1860இல் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி முன்வைத்த யோசனை, 2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேதுசமுத்திரத் திட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது: 12 மீட்டர் ஆழம், 300 மீட்டர் அகலம். உச்ச நீதிமன்றத் தடைக்குப் பின் அது நின்றுபோனது. சரக்குக் கப்பல் தன் கீலைத் தூக்க முடியாது என்பது உண்மை. அந்தத் திட்டத்தின் சரி தவறு வேறு விவாதம். ஆனால் நூற்றைம்பது வருடம் அந்தக் கடலை ஆழமாக்குவது பற்றியே பேசினோம். அந்தக் கடலின் ஆழத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொண்ட ஒரு படகு அதே கரையில் ஓடிக்கொண்டிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி யாராவது இந்தக் கரைக்கென்று ஒரு பயணப் பாய்மரப் படகை வரைந்தால் அதன் அளவுகள் இப்படி இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. நீளம் 11 மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு பேர் ஓட்ட வேண்டும். கீல் மேலே இருக்கும்போது முங்கும் ஆழம் 80 சென்டிமீட்டருக்குள், முழுக்க இறக்கினால் இரண்டு மீட்டர். எடை உடலுக்குள், அடித்தளத்தோடு சேர்ந்து. தடுப்புத் தகட்டைக் கயிற்றாலும் கப்பியாலும் தூக்க வேண்டும், ஹைட்ராலிக் வேண்டாம். கயிறு அறுந்தால் தொண்டியிலோ கோட்டைப்பட்டினத்திலோ வேறு கயிறு கிடைக்கும், பம்புக்கு உதிரிப் பாகம் கிடைக்காது. கீல் பெட்டியின் மேல்மூடி திறக்கக்கூடியதாக இருக்கட்டும், உள்ளே கை விட்டுச் சேற்றை வாரலாம். இரண்டு சுக்கான்கள், ஆழமற்றவை. பாய்மரத்தைச் சாய்க்கும் ஏற்பாடு இருந்தால் பாலத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

இதைத் தாளில் எழுதுவது சுலபம். வத்தை கட்டிய ஆசாரிகள் தாளில் வரையாமலே கட்டினார்கள். ஒரே அச்சுப் பலகையில் கீறிய கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு வங்கின் அளவையும் எடுத்து, முதலில் வங்குகளை நிறுத்தி, பிறகு பலகை அடிப்பார்கள். இந்த முறைக்கும் இடைக்கால மத்தியதரைக் கடல் கட்டுமான முறைக்கும் ஒற்றுமை இருப்பதை மெக்ரெயில் எடுத்துக் காட்டியிருக்கிறார். இயந்திரம் வந்தபின் பாய் போயிற்று, பாய் போனபின் பக்கப் பலகைக்கு வேலையில்லை. 2004 சுனாமிக்குப் பின் வந்த ஃபைபர் படகுகள் மிச்சமிருந்த மரவேலையையும் குறைத்துவிட்டன.

சென்னை ஐஐடியில் கடல் பொறியியலுக்குத் தனித்துறை இருக்கிறது. புதுச்சேரியில் 50 அடிப் படகு கட்டும் பட்டறை இருக்கிறது. தாபோடியில் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்தே பாலத்தின் வகையைத் தீர்மானிக்கக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி இருக்கிறது; உலகைச் சுற்றிய முதல் இந்தியர்கள் அந்தப் படையிலிருந்துதான் வந்தார்கள். இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து இரண்டு மாணவர்கள் அதிராம்பட்டினம் போய், பாய் ஓட்டத் தெரிந்த முதியவர்களும் அச்சுப் பலகையைப் பிடிக்கத் தெரிந்த ஆசாரிகளும் இருக்கும்போதே, ஒரு வத்தையை முழுக்க அளந்து, பக்கப் பலகையின் நீளம் அகலம் கனம், அது தொங்கும் இடம், கட்டும் கயிறு எல்லாவற்றையும் எழுதி எடுத்துவர வேண்டும். அடுத்த படகின் வரைபடத்தை நெதர்லாந்திலிருந்து வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.